ஆற்றங்கரையில் ஓர் இரவு: கேனூ பயணிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்களுக்கு 9 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கேனூ (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய நீளப் படகு) வாடகைக்கு எடுத்து, ஆற்றங்கரையிலேயே டென்ட் போட்டு ஓர் இரவு தங்க ஆசை. முதல் தடவை என்பதால் எந்த ஆற்றுக்குப் போகலாம்? முன்பதிவு வேண்டுமா?
— வாசகி, மேடிசன்

பதில்: ஆறு உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது அம்மா. விஸ்கான்சின் ஆற்றில் ப்ரெய்ரி டு சாக் அணையைத் தாண்டிவிட்டால், மிசிசிப்பியில் கலக்கும் வரை சுமார் 92 மைலுக்கு ஓர் அணை கூடக் கிடையாது. அகலமான ஆறு, பெரும்பாலும் ஆழம் குறைவு, வழியெங்கும் மணல்திட்டுகள். அரசு நிலமாக இருக்கும் திட்டுகளிலும் தீவுகளிலும் நீங்கள் பாட்டுக்குப் போய்த் தங்கலாம். முன்பதிவு வேண்டாம், கட்டணமும் இல்லை. ஒரே இடத்தில் 3 நாளுக்கு மேல் மட்டும் கூடாது. மேஜை, குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. மணலும் தண்ணீரும் வானமும்தான்.

இரண்டு விதிகளை மறக்க வேண்டாம். கண்ணாடிப் பாத்திரம், பாட்டில் எதையும் ஆற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. நம் வீடுகளில் ஊறுகாய் பாட்டில் எப்படியோ பைக்குள் ஏறிவிடும். அதைக் கிளம்புமுன் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். குப்பைக்கென்று தனியாக ஒரு பையும் படகில் இருந்தாக வேண்டும்.

இனி பிள்ளைகள் விஷயம். அந்த ஆற்றைப் பார்த்தால் பயமே வராது. முழங்கால் ஆழத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள். ஆனால் திட்டின் கீழ்முனையில், நீரோட்டம் மணலைக் கொண்டுபோய்க் கொட்டும் இடத்தில், தரை சட்டென்று முடிந்துவிடும். ஓரடி முன்னால் முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழம். திரும்பி ஏற நினைத்தால் காலடியில் மணல் சரிந்துகொண்டே போகும், ஊன்றப் பிடிமானம் கிடைக்காது. இந்த ஆற்றில் உயிர்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர்களும் போயிருக்கிறார்கள். எனவே லைஃப் ஜாக்கெட் படகில் மட்டுமல்ல, திட்டில் தண்ணீரில் விளையாடும்போதும் உடம்பிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் முகம் சுளித்தாலும் இந்த ஒன்றில் இறங்கி வராதீர்கள். திட்டுக்குப் போனதும் பெரியவர் ஒருவர் துடுப்பை ஊன்றி ஆழம் பார்த்தபடி ஒரு சுற்று நடந்து, விளையாட மேல்முனைப் பக்கம் ஓர் எல்லை போட்டுக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: போன கோடையில் விஸ்கான்சின் ஆற்று மணல்திட்டில் தங்கினோம். மழை ஒரு சொட்டு இல்லை. ஆனால் விடியற்காலையில் தண்ணீர் டென்ட் வாசலுக்கே வந்துவிட்டது, ஒரு கேனூ மிதக்கத் தொடங்கியிருந்தது. எப்படி இது?
— வாசகர், சிகாகோ புறநகர்

பதில்: உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே வடக்கில் பெய்தது ஓரிரு நாள் கழித்து உங்களிடம் வந்து சேரும். அணையில் மின்சாரத்துக்காகத் திறந்துவிடும் நீரும் கூடிக் குறையும். மணல்திட்டுக்கு ஓரடி நீர் என்பது பெரிய விஷயம். மாலையில் பந்து விளையாடிய மைதானம் காலையில் ஆற்றுக்குள் இருக்கும்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. யூ.எஸ்.ஜி.எஸ். எனப்படும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை பல ஆறுகளில் நீர்மானி வைத்திருக்கிறது. இந்த ஆற்றுக்கு மஸ்கொடே என்ற ஊரில் ஒன்று இருக்கிறது. இன்றைய அளவை மட்டும் பார்க்காதீர்கள். கடந்த ஒரு வாரக் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் நான் போகும் தேதியைத் தள்ளிவைத்துவிடுவேன். இறங்கும் ஆற்றில்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்.

திட்டுக்கு வந்த பிறகு டென்ட்டைப் பிரிக்குமுன் மணலைப் படியுங்கள். வெளிறி உலர்ந்த மணல் எங்கே, கருத்து ஈரமாக இருப்பது எங்கே? சுள்ளியும் சருகும் வரிசையாக ஒதுங்கிய கோடு எங்கே? போன தடவை ஆறு வந்து நின்ற இடம் அதுதான். அதற்கு மேலே, சின்ன வில்லோ மரக் கன்றுகள் முளைத்து நிற்கும் உயரம் கிடைத்தால் அங்கே போடுங்கள். தண்ணீர் ஓரம் பார்க்க அழகாக இருக்கும், தெரியும். அழகை மாலையில் நாற்காலி போட்டுப் பார்க்கலாம், படுக்கை மேட்டில் இருக்கட்டும். தண்ணீர் தொடும் கோட்டில் ஒரு குச்சி, அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு குச்சி நட்டு வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் அப்போதே சாமானை மேலே ஏற்றிவிட வேண்டும். நள்ளிரவில் எழுந்து ஏற்றுவது கஷ்டம்.

கேனூவைக் கரைக்கு இழுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. போதாது. கவிழ்த்து வைத்துக் கட்ட வேண்டும். காற்றே அதை உருட்டிக்கொண்டு போய்விடும். திட்டில் மரம் இருக்காது, மணலில் நட்ட துடுப்பு நொடியில் பிடுங்கிக்கொள்ளும். நான் செய்வது இது: ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டிப் படுக்கவைத்துப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி நன்றாக மிதிப்பேன். கயிறு குழியிலிருந்து படகை நோக்கிச் சாய்வாக வர வேண்டும், செங்குத்தாக வந்தால் பை மேலே வந்துவிடும். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து இழுத்துப் பார்த்து அசையாவிட்டால் தூங்கப் போகலாம்.

கேள்வி: எனக்கு 67 வயது. மகனோடு கேனூவில் போகப் பிடித்திருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நடுக்கம். வழி சொல்லுங்கள்.
— வாசகர், மினியாபொலிஸ்

பதில்: நடுக்கம் நியாயமானதுதான் ஐயா. கேனூ பெரும்பாலும் கவிழ்வது கரையை ஒட்டித்தான். படகுத்துறையின் கான்கிரீட் சரிவில் தண்ணீருக்கு அடியில் பாசி படர்ந்திருக்கும், அதில் கால் வைக்காதீர்கள். சரிவுக்குப் பக்கத்தில் மணலோ சரளையோ உள்ள இடத்தைத் தேடுங்கள். மோட்டார் படகுக்காரர்களுக்கும் வழிவிட்டது போலிருக்கும்.

கேனூ முழுவதும் மிதக்கிற ஆழத்தில், கரைக்கு இணையாக நிற்க வேண்டும். பாதி கரையிலும் பாதி தண்ணீரிலும் இருக்கும் படகில் யாரும் ஏறக் கூடாது, அது புரளப் பார்க்கும். உங்கள் மகன் பின்பக்கம் தண்ணீரில் நின்று படகை இரு தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொள்ளட்டும். நீங்கள் குனிந்து, இரண்டு கைகளாலும் இரண்டு விளிம்புகளையும் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் படகின் நடுக்கோட்டில் வையுங்கள். உடல் எடையை அதன் மேல் மாற்றி, பிறகு அடுத்த காலை எடுத்து, உடனே உட்கார்ந்துவிடுங்கள். நிமிர்ந்து நிற்கவே வேண்டாம். இறங்கும்போது மகனிடம் சொல்லுங்கள்: படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, மெதுவாகக் கரையை அணைக்க வேண்டும். ஓடும் நீரோடு அப்படியே கரையில் முட்டினால் பின்பக்கம் சுழன்று படகு குறுக்கே போய்விடும்.

கேள்வி: போனில் வரைபடம் இருக்கிறதே. கரையேறும் துறையை முதலிலேயே காரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவசியமா?
— வாசகர், மில்வாக்கி

பதில்: அவசியம். இந்தக் கேள்வி-பதில் பகுதியில் நான் வலியுறுத்த ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பயணம் முடிந்து திரும்ப எப்படியும் ஒரு காரை அங்கே கொண்டுபோய் விடத்தானே போகிறீர்கள்? விட்டுவிட்டு உடனே திரும்பாமல், தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி, மேலிருந்து வரும் படகுக்காரரின் கண்ணால் பாருங்கள். சாலையிலிருந்து பளிச்சென்று தெரியும் துறை, ஆற்றிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி, அவ்வளவுதான். விஸ்கான்சின் ஆறு தீவுகளைச் சுற்றிப் பிரிந்து பிரிந்து ஓடுவது. தப்பான பக்கத்தில் போய்விட்டால் துறை தீவுக்கு அந்தப் பக்கம் கடந்துபோய்விடும். களைத்த கையோடு நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்பு போட்டுத் திரும்புவது எளிதல்ல.

இடப்பக்கமா வலப்பக்கமா, பாலத்துக்கு முன்னா பின்னா, துறைக்குக் கொஞ்சம் மேலே எந்த அடையாளம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் ஆற்றை நோக்கி நீளும் கிளையில் ஓர் ஆரஞ்சு நிறத் துணியைக் கட்டிவிட்டு வருவேன், கரையேறியதும் அவிழ்த்து எடுத்துக்கொள்வேன். விழுந்த மரம் ஏதாவது துறைக்குச் சற்று மேலே தண்ணீரில் கிடக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கிளைகளுக்கு இடையே நீர் புகுந்து போகும், படகும் ஆளும் போக முடியாது. அப்படி மரம் கிடந்தால் அந்தக் கரையை விட்டு விலகியே வந்து, தாண்டிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். வேறு துறை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கீழே விட்ட காரின் சாவி படகில் உங்களோடு வர வேண்டும், ஜிப் உள்ள பைக்குள்.

கேள்வி: எந்த ஆற்றங்கரையிலும் தங்கலாமா?
— வாசகர், டென்வர்

பதில்: முடியாது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விஸ்கான்சினில் ஆறு பொதுமக்களுடையது, கரை யாருடையதோ அவர்களுடையது. கால் தண்ணீரில் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. மொன்டானாவில் வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்கு (ஆறு நிறைந்து ஓடும்போது வழக்கமாகத் தொடும் எல்லைக்கு) கீழே உள்ள இடத்தை மக்கள் பயன்படுத்தலாம். நீங்கள் இருக்கும் கொலராடோவில் தனியார் நிலத்தின் வழியாக ஓடும் ஆற்றில், அடியில் கால் ஊன்றினாலே அத்துமீறல் ஆகலாம். மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் என்ற காட்டு ஏரிப் பகுதியில், நெருப்பு மூட்ட இரும்புத் தட்டு பதித்த முகாம்களில் மட்டுமே தங்க வேண்டும். ஒரு குழுவில் அதிகபட்சம் 9 பேர், 4 படகுகள். அனுமதிச் சீட்டும் கட்டாயம்.

கேள்வி: மொன்டானாவில் மிசௌரி ஆற்றில் போகத் திட்டமிடுகிறோம். ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமா?
— வாசகி, சியாட்டில்

பதில்: குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், வெயில் கடுமையானால் அதற்கு மேலும். ஃபோர்ட் பென்டனிலிருந்து ஜேம்ஸ் கிப் துறை வரையிலான அந்த 149 மைலில் ஆறு வண்டலோடு ஓடும். வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு வாளியில் தண்ணீரைப் பிடித்து, படிகாரத்தைக் கொஞ்சம் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரை வடிகட்டிக் கொதிக்கவைக்கலாம். ஆனால் வயல்களிலிருந்து வந்து சேரும் ரசாயனம் இதனால் போகாது.

கோல் பேங்க்ஸ் துறையில் இறங்கி ஜூடித் துறையில் கரையேறும் பகுதியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். வெள்ளைப் பாறைச் சுவர்கள் அங்கேதான். ஈகிள் கிரீக் முகாமில் தங்கினால், 1805 மே 31 அன்று, அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் தூங்குவீர்கள். முகாம்களில் நிழலுக்குப் பெரிய காட்டன்வுட் மரங்கள் இருக்கும். பட்டுப்போன கிளைக்குக் கீழே மட்டும் டென்ட் வேண்டாம், காற்றில் முறிந்து விழும். மழை பெய்துவிட்டால் கரைக் களிமண் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். சரளை உள்ள கரையாகப் பார்த்து ஒதுங்குங்கள்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: கூச்சப்படாதீர்கள், இதைக் கேட்க முடியாமலே பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள். காட்டுக் கரையாக இருந்தால் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழம் தோண்டி மூடலாம். மணல்திட்டில் அது கூடாது, அடுத்த வெள்ளத்தில் எல்லாம் ஆற்றுக்குள் போய்விடும். கழிவை இறுக்கும் தூள் போட்ட பைகள் விற்கின்றன. அவற்றைப் பயன்படுத்தி, இறுக மூடும் வாளியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவாருங்கள். யூட்டாவின் லாபிரிந்த் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் கையோடு கழிப்பறைப் பெட்டி கொண்டுபோவது கட்டாயம். பவுண்டரி வாட்டர்ஸில் ஒவ்வொரு முகாமுக்கும் பின்னால் ஒரு கழிப்பறை இருக்கை உண்டு, ஆனால் சுவர் கிடையாது. எல்லா இடத்துக்கும் உதவுவது குடை போல விரியும் சின்ன மறைப்புக் கூடாரம். மடித்தால் ஒரு தட்டளவுதான். நான் அதை விட்டுவிட்டுக் கிளம்பியதே இல்லை. பயன்படுத்திய நாப்கின்களும் அதே வாளியில் திரும்பி வர வேண்டும், புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம்.

கேள்வி: வீட்டில் வெட்டிய விறகு நிறைய இருக்கிறது. கொண்டுபோகலாமா?
— வாசகர், டெட்ராய்ட்

பதில்: வேண்டாம். ஆஷ் மரங்களை அழிக்கும் பச்சை வண்டு 2002இல் உங்கள் மிச்சிகனில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஊர் ஊராகப் பரவ விறகும் ஒரு வழி. போகும் ஊரிலேயே வாங்குங்கள். கேனூவையும் ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகுமுன் நீரை வடித்து, ஒட்டிய செடிகளைப் பிய்த்துப் போட்டு, காயவிடுங்கள்.

கேள்வி: விஸ்கான்சின் ஆற்றுக்கு எந்த மாதம் நல்லது?
— வாசகர், மேடிசன்

பதில்: வசந்தத்தில் பனி உருகி வரும் நீரில் திட்டுகள் மூழ்கிக் கிடக்கும். ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் வரை மணல் நன்றாக வெளியே வந்திருக்கும். என் விருப்பம் செப்டம்பர், கொசு குறைந்திருக்கும். இரவுக் குளிருக்குப் போர்வை மட்டும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் ப்ரெய்ரி டு சாக் முதல் ஸ்ப்ரிங் க்ரீன் வரை கூட்டம் நெரியும். வார நாளில் லீவு கிடைத்தால் மஸ்கொடேயில் இறங்கிப் பாஸ்கோபெல்லில் கரையேறுங்கள், அமைதியான பகுதி. சனிக்கிழமைதான் முடியும் என்றால் மதியத்துக்குள் ஒரு மேட்டுத் திட்டைப் பிடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் மிச்சம் இருப்பதெல்லாம் தாழ்ந்த திட்டுகளாகத்தான் இருக்கும்.