எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா? அமெரிக்கத் தமிழ் வாசகர்களுக்குப் பதில்கள்

டெக்சாஸில் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுத்துவருகிறேன். இங்கே வாழும் தமிழர்களிடமிருந்து வரும் கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்தமுறை பதில் சொல்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது அமெரிக்காவுக்கு மட்டும். அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கடைக்குப் போகுமுன் உங்கள் மாநிலத்தில் என்ன நிலை என்று பார்த்துவிடுங்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டது. தினமும் உடன் வைத்துக்கொள்ள ஒரு பிஸ்டல் வாங்கலாம் என்றிருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர், ".45 ஒன்றுதான் ஆளை நிறுத்தும், 9 எம்எம் எல்லாம் பத்தாது" என்கிறார். அப்படியா?

இல்லை. 9 எம்எம் வாங்குங்கள். (இந்த எண்கள் ஏறக்குறைய குண்டின் விட்டம்: 9 மில்லிமீட்டர், .45 அங்குலம்.)

காரணம் சொல்ல வேண்டுமானால் 1986 ஏப்ரலுக்குப் போக வேண்டும். மயாமியில் இரண்டு கொள்ளையர்களை எட்டு எஃப்பிஐ அதிகாரிகள் மடக்கினார்கள். சில நிமிடங்கள் நடந்த சண்டையில் அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கொள்ளையரில் ஒருவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு 9 எம்எம் குண்டு பட்டது. அது கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அந்த ஆள் அதன்பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தார். எஃப்பிஐ அந்தக் குண்டின் மேல் பழி போட்டு, பெரிய தோட்டா தேடிப் புறப்பட்டது. முதலில் 10 எம்எம். அதன் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளும் விசை, பலருக்குத் தாங்கவில்லை. அப்புறம் 1990-ல் கடைக்கு வந்த .40 ஸ்மித் அண்ட் வெஸன். நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் அதற்கு மாறின.

இதற்கிடையே குண்டு செய்யும் கலை வளர்ந்தது. உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில் சுட்டு, 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்று எஃப்பிஐ வைத்த அளவுகோலுக்கு ஏற்றபடி நிறுவனங்கள் குண்டுகளைத் திருத்தி வடிவமைத்தன. இன்றைய நல்ல 9 எம்எம் ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழியுள்ள, உடம்பில் பட்டதும் விரியும் குண்டு) அந்தச் சோதனையில் எளிதாகத் தேறுகிறது. சுற்றிவிட்டு எஃப்பிஐயே 9 எம்எம்முக்குத் திரும்பியது. 2014-ல் அதன் பயிற்சிப் பிரிவு காரணங்களை எழுதிவைத்தது. 2016-ல் புதிய 9 எம்எம் பிஸ்டல்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அவர்கள் கண்ட விஷயம் எளியது: பெரும்பாலான அதிகாரிகள் 9 எம்எம்மில் வேகமாகவும் சுட்டார்கள், குறியும் தவறவில்லை.

9 எம்எம் குண்டுக்கும் .45 குண்டுக்கும் விட்டத்தில் உள்ள வித்தியாசம் 2.5 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்காக நீங்கள் கொடுக்கும் விலை: கூடுதல் உதை, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூட்டில்) குறைவான தோட்டா, பயிற்சிக்கு அதிகச் செலவு. 1911 மாதிரி .45 பிஸ்டல் ஒரு அழகான பொருள்தான். அமெரிக்க ராணுவம் எழுபது ஆண்டுக்கு மேல் அதைத்தான் வைத்திருந்தது, 1985-ல்தான் 9 எம்எம்முக்கு மாறியது. அதை ரசித்துச் சுடுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முதல் துப்பாக்கியாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

என் மனைவிக்குச் சிறிய கை. கடையில் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகத்தை) இழுக்கவே முடியவில்லை. கடைக்காரர் உடனே ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டினார். பெண்களுக்கு இதுதான் சரி என்றார். வாங்கலாமா?

இந்த ஆலோசனையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஐந்து தோட்டா .38 ஸ்பெஷல் ரிவால்வர், அலுமினியச் சட்டத்தில் செய்தது, 400 கிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். பையில் போட்டால் தெரியாது, உண்மை. சுடும்போதுதான் தெரியும். எடை குறையக் குறைய உதை முழுக்கக் கைக்கே வந்து சேரும். டிரிகரை அழுத்த ஏறக்குறைய 12 பவுண்டு விசை வேண்டும். துப்பாக்கியின் எடையோ ஒரு பவுண்டுக்குக் கூட வராது. அந்த இழுப்பில் குழல் ஆடாமல் வைத்திருப்பது தேர்ந்தவர்களுக்கே கஷ்டம். புதிதாகக் கற்பவர் ஒரு பெட்டித் தோட்டா சுட்டு முடிக்குமுன் கை வலித்து, அடுத்த வாரம் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் கூடத்துக்கு) வரமாட்டார். இது கற்றுக்கொள்வதற்கான துப்பாக்கி இல்லை.

ஸ்லைடு விஷயத்தில் பாதிக் கஷ்டம் வலுவால் வருவதில்லை, முறையால் வருகிறது. பெரும்பாலோர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் ஸ்லைடைக் கிள்ளி இழுக்கிறார்கள். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே கொண்டுவாருங்கள். குழல் பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும், விரல் டிரிகரில் படவே கூடாது. இடது உள்ளங்கை முழுவதாலும் ஸ்லைடின் மேல்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, வலக்கையால் துப்பாக்கியின் பிடியை முன்னால் தள்ளுங்கள். தள்ளுகிற வலு இழுக்கிற வலுவைவிடப் பெரும்பாலோருக்கு அதிகம்.

அப்படியும் முடியவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் ஈஸி என்ற வரிசையைப் பாருங்கள். ஸ்லைடு லேசாக நகர வேண்டும் என்பதற்காகவே செய்தது; 9 எம்எம்மைவிட வலுக் குறைந்த .380 தோட்டாவிலும் 9 எம்எம்மிலும் கிடைக்கிறது. வால்தர் பிடிபி எஃப் பெண்களின் கை அளவை மனதில் வைத்து வடிவமைத்தது. இரண்டையும் வாடகைக்குக் கொடுக்கும் ரேஞ்சுகள் உண்டு. இன்னொன்று: துப்பாக்கியை அவர்தான் பிடித்துப் பார்க்க வேண்டும், அவர்தான் சுட்டுப் பார்க்க வேண்டும், அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் பரிசாக வாங்கித் தராதீர்கள்.

எந்தக் கம்பெனி?

கிளாக் 19, சிக் பி365, ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி. இவற்றில் உங்கள் கைக்கு எது பொருந்துகிறதோ அது. கிளாக் 19 தோட்டா இல்லாமல் சுமார் 670 கிராம், 15 தோட்டா பிடிக்கும். பயிற்சிக்கும் இடுப்புக்கும் ஒன்றே போதும் என்பவர்களுக்கு நடுவாந்திரமான அளவு. 2018-ல் வந்த பி365 அதைவிடச் சிறியது, அந்த அளவிலேயே 10 தோட்டாவை அடக்கியதால் பேர் வாங்கியது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கவனிக்க: மாநிலம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடல்களைத்தான் அங்கே கடையில் புதிதாக விற்க முடியும், மேகசினும் 10 தோட்டாவைத் தாண்டக் கூடாது. எந்த மாடல் வாங்கினாலும் வரிசை எண்ணை வைத்து, நிறுவனம் அதைத் திரும்பப் பெற அறிவிப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழையது வாங்கினால் இது கட்டாயம்.

புதுத் துப்பாக்கி. முதல் நாளே இரண்டு முறை சிக்கிக்கொண்டது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு ஸ்லைடில் மாட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கிறது. துப்பாக்கி மோசமா, நான் மோசமா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

பிஸ்டல் தன் உதையின் விசையில்தான் ஸ்லைடைப் பின்னால் தள்ளி, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் துப்பாக்கி முழுவதுமே ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும்; ஸ்லைடு முழுத் தூரமும் நகராது; கூடு பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். சிறிய, லேசான பிஸ்டல்களில் இது அதிகம். ஆகவே முதலில் அனுபவமுள்ள ஒருவரைச் சுடச் சொல்லுங்கள். அவரிடம் சிக்கவில்லை என்றால் உங்கள் பிடியைச் சரிசெய்ய வேண்டும்.

அவரிடமும் சிக்கினால் மேகசினைச் சந்தேகப்படுங்கள். உங்கள் மேகசின்களின் அடியில் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதிவையுங்கள். எப்போதும் இரண்டாம் நம்பரில்தான் தகராறு என்றால் துப்பாக்கி மேல் குற்றமில்லை. அந்த மேகசினைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். அதன்பிறகு எண்ணெய்: கம்பெனியிலிருந்து வரும்போது பூசியிருப்பது துருப்பிடிக்காமல் இருப்பதற்கான பூச்சாக இருக்கலாம். துடைத்துவிட்டு, கையேட்டில் காட்டிய இடங்களில் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பாருங்கள். அப்புறம் தோட்டாவை வேறு நிறுவனத்துக்கு மாற்றுங்கள். இதெல்லாம் செய்தும் சிக்கினால் நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

நம்பி உடன் எடுத்துப்போகுமுன் நான் கேட்பது: 200 பயிற்சித் தோட்டா ஒரு தடங்கலும் இல்லாமல், அதன்மேல் நீங்கள் தினமும் வைத்திருக்கப்போகும் அதே ஹாலோ பாயிண்டில் குறைந்தது 50. விலை அதிகம்தான். ஆனால் ஹாலோ பாயிண்டின் மூக்கு வடிவம் வேறு. உருண்டை மூக்குப் பயிற்சித் தோட்டாவை விழுங்கும் பிஸ்டல் இதில் திணறலாம். சுட்டுப் பார்க்காமல் தெரியாது. நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் ஹாலோ பாயிண்டை வெளியே எடுத்துச்செல்வதில் கடும் கட்டுப்பாடு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பலர் அறியாத ஒன்று. இரவில் தோட்டாவை இறக்கி, காலையில் அதே தோட்டாவை மீண்டும் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில்) ஏற்றுகிறீர்களா? ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் குண்டின் மூக்கு இடித்து, குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும், ஆபத்தான அளவுக்கும் போகும். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள். ரேஞ்சில் கொடுத்தால் அப்புறப்படுத்துவார்கள்.

தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. .22-ல் பயிற்சி எடுத்தால் பயன் உண்டா?

நிறைய உண்டு. .22 லாங் ரைஃபிள் தோட்டா 9 எம்எம் விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். உதை இல்லை, ஆகவே டிரிகரை அழுத்தும்போது நீங்கள் செய்யும் தவறு குறியட்டையில் அப்படியே தெரியும். ரூகர் மார்க் 4 பயிற்சிக்கு அருமையான துப்பாக்கி. ஆனால் அதைத் தற்காப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். .22-ல் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறது. சில இடத்தில் சரியாகப் பரவாமல் வெடிக்காமல் போவது அந்த மருந்தை நடுவில் பிரைமர் என்ற சிறு குமிழில் வைத்த தோட்டாக்களைவிட அதிகம். உதையைச் சமாளிக்கவும் .22 சொல்லித்தராது. ஒவ்வொரு முறை போகும்போதும் கடைசியில் ஒரு பெட்டி 9 எம்எம் சுட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டில் தோட்டா இல்லாமல் டிரிகர் பழகுவதற்குக் காசே வேண்டாம். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும், சேம்பரை இரண்டு முறை கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். குறி வைக்கும் சுவருக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கக் கூடாது. 9 எம்எம் பிஸ்டல்கள் பெரும்பாலும் இதைத் தாங்கும். பல .22 துப்பாக்கிகளில் தோட்டாவைத் தட்டும் ஊசி சேம்பர் விளிம்பில் மோதிச் சேதமாகும், கையேட்டைப் பாருங்கள்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை முகம் கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். தோட்டாப் புகையிலும் தூசியிலும் ஈயம் இருக்கிறது.

கைப்பையில் வைத்துக்கொண்டால் போதாதா? உறை அவசியமா?

2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில், ஒரு கடைக்குள், இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டது. அம்மா இறந்துபோனார். அது துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை. கைப்பை உடம்பை விட்டுப் பிரியும். டிராலியில் வைப்போம், நாற்காலியில் மாட்டுவோம். உடம்போடு இருக்கும் உறைதான் சரி. டிரிகரை முழுக்க மூடும், அழுத்தினாலும் வளையாத கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். நல்ல பெல்ட்டும் சேர்த்து வாங்குங்கள். உறை இல்லாமல் இடுப்பில் செருகவே கூடாது. உறைக்குள் திருப்பி வைக்கும்போது அவசரம் வேண்டாம்: சட்டை நுனி டிரிகருக்குள் மாட்டி வெடித்த விபத்துகள் உண்டு.

நான் எச்1பி. மனைவி குடிமகள். அவர் பெயரில் வாங்கி இருவரும் பயன்படுத்தலாமா?

கூடாது. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். 15 ஆண்டு வரை சிறை, நாடு கடத்தலும் வரலாம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. அதை நம்பி ஒரு அடி எடுத்துவைக்குமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். மனைவி தனக்காக வாங்கலாம். அப்போது அது அவர் மட்டுமே திறக்கக்கூடிய பெட்டியில் இருக்க வேண்டும், சாவியோ எண்ணோ உங்களிடம் இருக்கக் கூடாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார்கள். பையனுக்கு ஏழு வயது. எங்கே வைப்பது?

இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள். அலமாரி உச்சி, புடவை அடுக்கு, மெத்தைக்கு அடி, இவை எதுவும் ஒளிவிடம் இல்லை. ஏழு வயதுப் பையனுக்கு வீட்டின் எல்லா மூலையும் தெரியும். பெட்டியைச் சுவரிலோ கட்டில் சட்டத்திலோ திருகிப் பொருத்துங்கள். அப்பா அம்மாவிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, இந்தப் பெட்டியைத் தொட வேண்டாம் என்று வந்த அன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

இதையும் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கும் காலத்தில், பூட்டிய பெட்டிகூடப் போதாது. துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய் வையுங்கள். சில துப்பாக்கிக் கடைகளே பாதுகாத்துத் தருகின்றன. போலீஸ் நிலையத்திலும் கேட்டுப்பாருங்கள். இந்தக் கட்டம் உங்கள் வீட்டில் இப்போது நடக்கிறது என்றால், புதிதாக வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள்.

சென்னைக்குப் போகிறேன். கவனிக்க ஏதாவது?

துப்பாக்கி இங்கேயே பூட்டியிருக்கட்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருப்பதும் குற்றம். பை மடிப்பில் கிடந்த தோட்டா ஸ்கேனரில் தெரிந்து விமானநிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள், ரேஞ்சுக்குப் போட்டுப்போன ஜாக்கெட்டின் பாக்கெட்டையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.