அளக்கும் முன் எழுதுங்கள்

ஐயா,
கோவையில் ஒரு பட்டறையில் 11 வருஷமாக லேத் (கடைசல் எந்திரம்) ஓட்டுகிறேன். இப்போது ஷிஃப்ட் முடிந்ததும் 'இன்று கற்றது' என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். 'ஷாஃப்ட் விட்டம் 0.04 மி.மீ. கூடிவிட்டது, இனி கவனமாக இருப்பேன்' என்று எழுதித் தருகிறேன். இதனால் யாருக்கு என்ன லாபம்? கை பழகினால் போதாதா? கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி எந்திர வகுப்பில் சேரலாமா?
கே.

அன்புள்ள கே.,

காசும் நேரமும் இருந்தால் வகுப்பில் சேருங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. படிவத்தின் மேல் உங்களுக்குள்ள சலிப்பும் நியாயம்தான். நாள் முழுக்க நின்ற காலோடு என்னத்தை எழுதுவது?

ஆனால் 'இனி கவனமாக இருப்பேன்' என்கிற வரியை மட்டும் விட மனசு வரவில்லை. 11 வருஷம் லேத்தில் நின்றவர் எழுதுகிற வரியா அது? 0.04 எங்கே கூடியது? ஒரு முனையைக் கவ்வும் சக்கில் மட்டும் பிடித்த ஜாப் (கடைகிற பொருள்) என்றால் வெளிமுனை வெட்டும் டூலுக்கு வளைந்துகொடுக்கும், அந்த முனை பெருக்கும். இரு முனையும் தாங்கிய மெல்லிய ஷாஃப்ட் நடுவில் பெருக்கும். அதே ஷாஃப்ட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் கூடிக்கொண்டே போனால் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பாருங்கள். அது பக்கவாட்டில் 0.02 நகர்ந்திருந்தாலே விட்டத்தில் 0.04 வரும். மூன்று இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்திருந்தால் காரணம் கையில் கிடைத்திருக்கும். கவனத்துக்கு இதில் என்ன வேலை?

படிவத்தின் உண்மையான குறை, அது வேலை முடிந்தபின் வருவது. அளவு தெரிந்துவிட்டால் 'அப்போதே நினைத்தேன்' என்று மனசு கணக்கை மாற்றிக்கொள்ளும். அமெரிக்க ராணுவம் 1970-களில் பயிற்சிக்குப் பிந்தைய கலந்தாய்வைத் தொடங்கியது. அதில் முதல் கேள்வியே, என்ன நடந்திருக்க வேண்டும் என்பதுதான். ஃபினிஷ் கட்டுக்கு, அதாவது கடைசி வெட்டுக்கு, முன்னால் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: '50 மி.மீ. அலுமினியம், ஆறினதும் 49.990 வரும், வெளிமுனை 0.01 கூடலாம்.' வெட்டி முடித்ததும் ஒருமுறை அளந்துபாருங்கள், ஆறினதும் மறுபடி அளந்துபாருங்கள். 50 மி.மீ. அலுமினியம் 20 டிகிரி சூடு ஏறினால் 0.023 விரியும். ஷாஃப்ட்டுக்கான சின்ன எச்7 (h7) என்ற அளவு வரம்பு தருகிற மொத்த இடமே 0.025. சூட்டில் 49.985 காட்டிய ஜாப் ஆறி 49.962-க்கு வந்து, 49.975 என்ற கீழ் எல்லையைத் தாண்டி ரிஜெக்ட் ஆவது இப்படித்தான். முன்கூட்டி எழுதாதவர் மைக்ரோமீட்டரைத் திட்டுவார். எழுதியவருக்குச் சூட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது தெரிந்துவிடும்.

கை பழகியது பெரிய சொத்து, சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்ததைச் சொல்லிவிடுவீர்கள். ஆனால் கை தப்பையும் சேர்த்தே பழகும்.

எல்லா ஜாபுக்கும் எழுதாதீர்கள், அலுத்துப்போகும். முதல் பீஸுக்கும், டூல் மாற்றியபின் வருகிற முதல் பீஸுக்கும் எழுதினால் போதும். தப்பிய கணிப்பை அடிக்காமல் பக்கத்தில் நிஜ அளவைப் போடுங்கள். இருபது வரி சேர்ந்ததும் எதை அடிக்கடி விடுகிறீர்கள் என்று பாருங்கள்: சூடா, தேய்மானமா, ஜாப் வளைவதா? அதைப் படிவத்தில் எழுதிக்கொடுங்கள், சூப்பர்வைசர் படிக்காவிட்டாலும்.