ஹவாயில் ஜூன் 11 ஏன் விடுமுறை?

அமெரிக்காவில் வேறெங்கும் இல்லாமல் ஹவாயில் மட்டும் ஜூன் 11 விடுமுறை ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அன்று கமேஹமேஹா நாள். தனித்தனித் தலைவர்களின் கீழ் சண்டையிட்டுக் கிடந்த ஹவாய்த் தீவுகளை 1810-க்குள் ஒரே அரசாக்கியவர் முதலாம் கமேஹமேஹா. அவருடைய பேரன் ஐந்தாம் கமேஹமேஹா 1871-ல் இந்த நாளை அறிவித்தார். 1893-ல் அப்போதைய அரசியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள், 1898-ல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. முடியாட்சியே போன பிறகும் அது அறிவித்த விடுமுறை நிற்கிறது. அதனால்தான் எனக்கு இது வெறும் ஊர்வல நாளாகத் தெரியவில்லை.

வேலைக்காக இரண்டு வருடம் ஹொனலுலுவில் இருந்தேன். நீதிமன்றக் கட்டடமான அலியோலானி ஹலேவின் முன்னால் முதலாம் கமேஹமேஹாவின் சிலை இருக்கிறது. விழாவின்போது தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஏறி, ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு நீளமான பூமாலைகளைச் சிலையின் நீட்டிய கையிலிருந்து தொங்கவிடுவார்கள். கீழே நிற்பவர்கள் பாடுவார்கள். முதல்முறை பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஊர்வலத்தில் நீண்ட பாவாடை உடுத்திய பெண்கள் குதிரையில் வருவார்கள். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு நிறம், ஒரு மலர். ஹவாய் என்றே பெயர் கொண்ட பெரிய தீவுக்குச் சிவப்பு நிறம், லெஹுவா மலர்.

அவர் போர்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சட்டம். இளவயதில் மீனவர்களைத் துரத்தியபோது அவர் கால் பாறை இடுக்கில் சிக்கியது. ஒரு மீனவர் துடுப்பால் தலையில் அடிக்க, துடுப்பு சிதறியது. பின்னாளில் அந்த மீனவரைப் பிடித்து வந்தபோது, தப்பு என்னுடையது என்று சொல்லி விடுவித்தார். முதியவர்களும் குழந்தைகளும் வழியோரத்தில் பயமில்லாமல் படுத்துக்கொள்ளலாம் என்பது அப்போது பிறந்த 'சிதறிய துடுப்பு' சட்டம். இன்று மாநில அரசியலமைப்பிலும் அது இருக்கிறது.

போக வாய்ப்பு கிடைத்தால் ஹொனலுலுவோடு நிற்காதீர்கள். அங்கே இருக்கும் சிலை இரண்டாவது வார்ப்பு. முதல் சிலை 1880-ல் கப்பலோடு ஃபாக்லாந்துத் தீவுகள் அருகே மூழ்கியது. காப்பீட்டுப் பணத்தில் இன்னொன்று செய்தார்கள். பிறகு பழையதும் மீட்கப்பட்டு, ஹவாய்ப் பெரிய தீவில் அவர் பிறந்த வட கொஹாலாப் பகுதியில் கபாவ் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் ஜூன் 11 அன்று மாலை சூட்டுகிறார்கள்.