'நீங்க அந்த சீரியல் பாப்பாதானே?' – வக்கீலக்கா பதில்கள்

சின்ன வயதில் டி.வி. சீரியல்களில் நடித்தவர், இப்போது நாகர்கோவிலில் வக்கீல். இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நீங்க சீரியல்ல அழுதா எங்க வீட்டுல அம்மா சோறு வைக்க மாட்டாங்க, அவங்களும் அழுதுட்டிருப்பாங்க. அந்த நடிப்பு கோர்ட்டுல கைகொடுக்குதா அக்கா? – ஒரு வாசகி, கருங்கல்

பதில்: அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்த அழுகையில் பாதி கிளிசரின். குரலும் என்னுடையது இல்லை. என் பேச்சில் மலையாள வாடை அடிக்கிறது என்று சென்னையில் ஒரு அக்காவை வைத்து டப்பிங் பேச வைத்தார்கள். வசனத்தைக்கூட நான் மனப்பாடம் செய்ததில்லை. கேமராவுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அசிஸ்டென்ட் டைரக்டர் எடுத்துக் கொடுப்பார், நான் திருப்பிச் சொல்வேன். இப்போது அதே வாடையோடு குழித்துறை கோர்ட்டில் வாதாடுகிறேன், எனக்கு டப்பிங் வேண்டும் என்று ஒரு நீதிபதியும் கேட்டதில்லை. ஆனால் உருக்கமாகப் பேச ஆரம்பித்தால் 'பாயிண்டுக்கு வாங்கம்மா' என்று வெட்டிவிடுவார்கள்.

கைகொடுப்பது கண்டினியூட்டி. ஒரு சீனைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் மீதியை எடுப்பார்கள். அன்றைக்கு ரிப்பன் எந்தத் தோளில் கிடந்தது, டம்ளரில் பால் எவ்வளவு இருந்தது என்று பார்த்துப் பார்த்து கண்ணுக்குப் பழகிவிட்டது. குறுக்கு விசாரணையும் அந்த வேலைதான். போலீஸிடம் சாட்சி சொன்ன வாக்குமூலம் ஒரு கையில். (2024 ஜூலையிலிருந்து புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 180-ஆம் பிரிவு, நாங்கள் இன்னும் வாய்தவறி பழைய எண்ணான '161' என்றுதான் சொல்கிறோம்.) கூண்டில் ஏறிச் சொல்வது எதிரே. அங்கே 'தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்', இங்கே 'டார்ச் அடித்துப் பார்த்தேன்' என்று வந்தால் போதும், எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தேவைப்படாது.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஒரு சீரியலுக்குத் தேர்வாகியிருக்கிறாள், ஷூட்டிங் சென்னையில். அவங்க அப்பா அனுப்பலாம் என்கிறார், மாமியார் கூடாது என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? – ஒரு தாய், தக்கலை

பதில்: 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது பொதுவிதி. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது சினிமா, டி.வி.யில் நடிக்கும் பிள்ளைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள், படிப்பு கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு. எப்படி நடத்த வேண்டும் என்பது 2017 விதிகளில் இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டியது தயாரிப்பாளர், நீங்கள் இல்லை. அதுவும் ஷூட்டிங் நடக்கிற மாவட்டத்தின் கலெக்டரிடம். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் போய் நிற்காதீர்கள். 'அனுமதிக் கடிதத்தின் காப்பி கொடுங்க சார்' என்று கேளுங்கள். அதற்கே முகம் சுளிக்கிற கம்பெனி என்றால் மாமியார் பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. பிள்ளை மாட்டேன் என்றால் நடிக்க வைக்கக் கூடாது. இதை அவங்க அப்பாவிடமும் வாசித்துக் காட்டுங்கள். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில், அரசுடைமை வங்கியில், நேரடியாக ஃபிக்சட் டெபாசிட்டில் விழ வேண்டும். ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் பேசியிருந்தால் 600 அவளுக்கு, 18 வயது வரை யாரும் தொட முடியாது.

20 சதவீதம் எனக்குக் கம்மியாகத்தான் படுகிறது. உழைக்கிறது அவள். போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவு போக மீதி மொத்தத்தையும் போட்டு வைக்க உங்களை யாரும் தடுக்கவில்லை. நான் நடித்த காலத்தில் இந்த விதியெல்லாம் கிடையாது. என் சம்பளத்தில் எங்கள் ஓட்டு வீடு கான்கிரீட் வீடானது, அக்கா கல்யாணத்துக்கு நகை வந்தது. வருத்தம் இல்லை, நானும் அந்த வீட்டில்தான் தூங்கினேன். ஆனால் எவ்வளவு வந்தது என்று இன்றைக்கு அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு துண்டுச் சீட்டு இல்லை. வக்கீலான பிறகு இதை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது.

இன்னொன்று சட்டத்தில் இல்லாதது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் போய், எழும்பூரில் இறங்கி நேரே மேக்கப்புக்கு உட்கார வைக்காதீர்கள். ஒரு நாள் முன்னாடியே போங்கள்.

கேள்வி: ஆபீஸ் போர்டில் 'சின்னத்திரை புகழ்' என்று போட்டால் கட்சிக்காரர்கள் குவிவார்களே? – ஒரு வாசகர், குளச்சல்

பதில்: வக்கீல்களைப் பதிவு செய்து கட்டுப்படுத்துகிற பார் கவுன்சிலின் நோட்டீஸும் வரும். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, அவர்களுடைய 36-ஆம் விதி. போர்டு நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும், எந்த வகைக் கேஸில் கெட்டி என்றுகூட எழுதக் கூடாது. முன்னாள் நீதிபதியே 'முன்னாள் நீதிபதி' என்று போட முடியாது, நான் முன்னாள் பாப்பா என்று போடவா?

கேள்வி: வெளிநாட்டிலும் இப்படி நடித்துவிட்டு வக்கீலானவர்கள் உண்டா? – ஒரு மாணவர், திருவட்டாறு

பதில்: உண்டு. அமெரிக்காவில் 1988 முதல் 1993 வரை ஓடிய 'தி வொண்டர் இயர்ஸ்' தொடரில் சிறுமியாக நடித்த கிரிஸ்டல் மெக்கெல்லர், ஹார்வர்டில் சட்டம் படித்து வக்கீலானார். அதே தொடரில் நாயகனின் நண்பனாக வந்த ஜோஷ் சாவியானோவும் வக்கீலானவர்தான். ஒரே செட்டில் இரண்டு பேர்! அங்கே இந்தச் சம்பளப் பிரச்சினைக்கு 1939-லேயே கலிஃபோர்னியாவில் சட்டம் வந்துவிட்டது. சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது சம்பாதித்ததில் பெரும்பகுதி போயிருந்தது. சொந்தத் தாய் மேலேயே வழக்குப் போட்டார். சட்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கேள்வி: பிளஸ் டூ முடிக்கப் போகிறேன். வக்கீலாக வேண்டும், வீட்டில் பணம் இல்லை. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். – ஒரு மாணவி, குலசேகரம்

பதில்: திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது மக்களே, அங்கே முதலில் முயற்சி செய். பிளஸ் டூ முடித்து நேரே சேர்ந்தால் 5 வருடம். டிகிரி முடித்துவிட்டுப் போனால் 3. படித்து முடித்து பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்ய முன்பெல்லாம் ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள். 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தியது: பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125, அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. அதற்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

பணக் கஷ்டம் கல்லூரியில் அல்ல, அதற்கப்புறம் வரும். சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் முதல் ஒன்றிரண்டு வருடம் கையில் நிற்கிற மாதிரி ஒன்றும் வராது, சிலரிடம் பஸ் காசுகூடக் கிடைக்காது. சேரும் அன்றைக்கே 'மாதம் எவ்வளவு தருவீங்க சார்' என்று வாய்விட்டுக் கேள். பொம்பளைப் பிள்ளை கேட்கிறாளே என்று பார்ப்பார்கள், பார்க்கட்டும். முடித்துவிட்டு வா, பத்மநாபபுரம் கோர்ட்டில் எனக்கு ஒரு ஜூனியர் தேவைப்படும். பஸ் காசுக்கு மேலேயே தருவேன்.