சோக் போட்டால்தான் ஓடுகிறது: பழைய ஏடிவி வாங்கியவரின் கேள்வி

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன்பு பழைய ஏடிவி (கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒன்று வாங்கினேன். கார்புரேட்டர் வண்டி, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். அதற்கு முன் எட்டு மாதம் ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. ஆக்சிலரேட்டரான கட்டைவிரல் லிவரைக் கொஞ்சமாக அழுத்தினால் திணறுகிறது, முழுக்க அழுத்தினால் ஓரளவு இழுக்கிறது. ஒரு மெக்கானிக் என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் புது கார்புரேட்டர் வாங்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன.

சோக்கின் வேலை, காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவைக் கூட்டுவது. அது இருந்தால் மட்டும் ஓடுகிறது என்றால், என்ஜினுக்கு வழக்கமாகக் கிடைக்க வேண்டிய பெட்ரோல் கிடைக்கவில்லை, அல்லது எங்கோ வேண்டாத காற்று உள்ளே போகிறது. முழு ஆக்சிலரேட்டரில் ஓரளவு இழுக்கிறது என்பதும் நல்ல சேதிதான். அப்போது பெட்ரோல் கொடுப்பது மெயின் ஜெட். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும், சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு. ஐடிலிலும் (லிவரை அழுத்தாமல் ஓடும்போது) லிவரின் தொடக்க அசைவிலும் கொடுப்பது பைலட் ஜெட், சிலர் ஸ்லோ ஜெட் என்பார்கள். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டுப்போகும்போது முதலில் அடைபடுவது அந்தத் துளைதான். என் சந்தேகமும் அதன் மேல்தான்.

முதல் வேலையாக, டேங்கில் இருக்கும் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கெட்டுப்போன பெட்ரோல் நிறம் கறுத்து, வார்னிஷ் போலப் புளித்த வாடை அடிக்கும். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் அது தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நின்ற வண்டிகளில் இது சாதாரணம். மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோல் தாராளமாக ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்கின் பெட்ரோல் டேப்பிலோ ஃபில்டரிலோ அடைப்பு.

அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றி, அடியிலுள்ள கிண்ணத்தைத் திறந்து பைலட் ஜெட்டை வெளியே எடுங்கள். பித்தளை மென்மையானது, அளவு சரியாக இல்லாத ஸ்க்ரூடிரைவர் பட்டால் தலை சிதைந்துவிடும். எடுத்த ஜெட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சத்தைப் பாருங்கள். குண்டூசி முனையளவு வட்டமாக, ஓரம் கூர்மையாக வெளிச்சம் தெரிந்தால் துளை சுத்தம். பிறை போலவோ, மங்கலாகவோ தெரிந்தால் அடைப்பு இருக்கிறது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. எஃகுக் கம்பியை மட்டும் நுழைக்காதீர்கள். துளை சற்றுப் பெரிதானாலும் கலவை நிரந்தரமாகக் கெட்டுவிடும். காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைக் கழற்றுமுன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த எண்தான் துணை.

வண்டியைப் பூட்டிய பிறகும் திணறல் இருந்தால், கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழலை வளைத்துப் பாருங்கள். வெடிப்புகள் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஓடும்போது அந்த இடத்தில் தண்ணீரைத் தூவினால் என்ஜின் சத்தம் மாறுகிறதா? அங்கேதான் காற்று இழுக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்துவிடுங்கள், கொட்டகையில் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருப்பது அபூர்வமில்லை.

ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்கவும் மறக்காதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஃப்ளோட் ஊசி (கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்துவது) கசிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது. ஊசியைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை ஓட்டவே கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும், அப்போது நிஜமாகவே என்ஜினைப் பிரிக்க வேண்டி வரும்.

இனி அந்த முதல் மெக்கானிக். என்ஜின் போய்விட்டது என்று எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்த்தாரா? எண் எவ்வளவு? சோதனையின்போது ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருந்ததா? பல நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களில், எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டிலேயே அழுத்தம் குறைக்கும் அமைப்பு உண்டு. அதனால் கேஜ் குறைவாகவே காட்டும், உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்திலுள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். இதைவிட நம்பகமானது, சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று கேட்கும் சோதனை. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளி) இறுகியிருந்தாலும் வால்வு முழுதாக மூடாது, அதைச் சரிசெய்தாலே போதுமான வண்டிகள் நிறைய உண்டு. இந்தச் சோதனைகள் எதுவும் செய்யாமல் என்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

புது கார்புரேட்டர் கடைசி வழி. மலிவான நகல்கள் வெளியே அச்சு அசலாக இருக்கும், உள்ளே ஜெட் எண் வேறாக இருக்கும். சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் முதலில் ஜெட், ஊசி, கேஸ்கெட் அடங்கிய கிட்டை வாங்குங்கள். வாங்கும்போது பழைய ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஏடிவி கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு நின்றுவிடுகிறது. சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் இரண்டையும் மாற்றியாயிற்று. இன்னொன்று, ரிவர்ஸில் வேகம் கொடுத்தால் படபடவென்று வெட்டுகிறது.

பதில்: அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காமல் நிற்கிறது. மூடியைச் சுத்தம் செய்தாலே போதும். சத்தம் இல்லையென்றால், சூட்டோடு இருக்கும் அந்த நிமிடத்திலேயே பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கவும். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

ரிவர்ஸில் வெட்டுவது பெரும்பாலும் கோளாறே இல்லை. பின்னோக்கி வேகமாகப் போகாதபடி பல மாடல்களில் கம்பெனியே வேகத்தைக் கட்டுப்படுத்தி வைக்கிறது. முன் கியரில் அப்படி வெட்டவில்லை என்றால் அதற்காக எதையும் மாற்ற வேண்டாம்.