"நரம்பு நல்லா இருக்கு" என்றார்கள், வலி போகவில்லை

கேள்வி: எனக்கு 52 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடிதான். 10 மாதமாக இரண்டு காலிலும் வலி, வலது காலில் அதிகம். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. ராத்திரி படுத்தால் உள்ளங்கால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. முழங்கால் எக்ஸ்ரே, யூரிக் ஆசிட், வெரிகோஸ் இருக்கிறதா என்று டாப்ளர் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல், "நரம்பு நல்லா இருக்கு" என்றார்கள். அப்புறம் நரம்புத் தளர்ச்சி என்று 10 சத்து ஊசி. கடைசியாகப் பார்த்த டாக்டர், "மனசை ரிலாக்ஸா வெச்சுக்குங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். 6 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இனி எங்கே போவது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வலிகள் இருக்கின்றன, சகோதரி. நடந்தால் வருவது ஒன்று, படுத்தால் வருவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து "கால்வலி" என்று ஒரே சொல்லில் சொன்னால், கேட்கிற டாக்டருக்கு எந்தப் பக்கம் போவதென்று பிடிபடாது. பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அந்த "நார்மல்" ரிப்போர்ட்டுகள். முழங்கால் எக்ஸ்ரே முழங்கால் எலும்பைத்தான் காட்டும். உங்களுக்கு வலி கெண்டைக்காலிலும் பாதத்திலும். யூரிக் ஆசிட் வாதம் பெரும்பாலும் கட்டைவிரல் மூட்டில் திடீரென்று சிவந்து வீங்கி வரும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. அடுத்தது டாப்ளர். குழப்பமே இங்கேதான். நம் பேச்சில் "நரம்பு" என்ற ஒரே சொல் மூன்று பொருளுக்கு ஓடுகிறது. காலில் நீலமாகச் சுருண்டு தெரிவதும் நரம்பு, ரத்தம் கொண்டுபோகும் குழாயும் நரம்பு, உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு. வெரிகோஸுக்காக எடுக்கும் டாப்ளர், ரத்தத்தை மேலே திருப்பி அனுப்பும் சிரைகளை மட்டும் பார்க்கும். ரத்தம் கீழே வருகிற தமனியை அது பார்க்கவில்லை. உணர்ச்சி நரம்பை எந்த டாப்ளரும் பார்க்காது. ஆக, "நரம்பு நல்லா இருக்கு" என்று உங்களிடம் சொன்னது சிரையைப் பற்றி. மற்ற இரண்டும் இன்னும் பார்க்கப்படவே இல்லை. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். "வீனஸ்" என்று இருக்கும். "ஆர்டீரியல்" என்பது தனிப் பரிசோதனை.

நடக்கும்போது வரும் வலியை நீங்களே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை உள்ள மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு போங்கள். வலி பிடித்ததும் எத்தனையாவது கம்பம் என்று குறித்துக்கொண்டு, உட்காராமல் அப்படியே நில்லுங்கள். ஏறக்குறைய ஒரே தூரத்தில் தினமும் வலி பிடித்து, சும்மா நின்றாலே சில நிமிடத்தில் விட்டுவிட்டால், தமனி அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். தசைக்கு நடக்கும்போது கூடுதல் ரத்தம் வேண்டும்; குறுகிய குழாயில் அது வருவதில்லை. நின்றும் விடவில்லை, உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் விடுகிறது, தூரமும் ஒருநாள் போல் ஒருநாள் இல்லை என்றால், இடுப்பில் தண்டுவடக் கால்வாய் குறுகியிருக்கலாம். குனியும்போது அந்த இடம் சற்று விரிவதால்தான் வலி தணிகிறது.

உங்கள் வேலையிலேயே இன்னொரு தடயம் இருக்கிறது. செக்கிங் மேஜைமேல் குனிந்து துணி பார்க்கும்போது கால் லேசாகி, நிமிர்ந்து நின்றால் கனக்கிறதா? அது முதுகின் பக்கம் கை காட்டும். மணிக்கணக்காக நிமிர்ந்து நின்றும் கெண்டைக்கால் இழுக்காமல், நடந்தால் மட்டும் இழுக்கிறதென்றால் தமனிப் பக்கம்.

தமனியைப் பார்க்கும் முதல் பரிசோதனை எளிது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 105 என்றால் 0.75. 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும். பட்டை அழுத்தினாலும் குழாய் அமுங்காது. எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். 1.40-க்கு மேல் வந்தால் நல்லதென்று மகிழக் கூடாது. அப்போது கால்விரலில் அழுத்தம் பார்க்கவோ தமனி டாப்ளர் எடுக்கவோ சொல்வார்கள்.

இனி ராத்திரி எரிச்சல். இரண்டு உள்ளங்காலும், படுத்த பிறகு, சர்க்கரை உள்ளவருக்கு என்றால் முதல் சந்தேகம் உணர்ச்சி நரம்புகள்மேல்தான். இங்கே இரண்டு காரணங்கள் கைகோத்து வரலாம்: ஒன்று சர்க்கரை, மற்றொன்று பி12 குறைவு. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடும்போது குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள், பி12-ஐச் சரிசெய்தால் போதும். உங்களுக்கு நடந்த தவறு, ரத்தத்தில் அளவு பார்க்காமலே ஊசி போட்டது. சத்து ஊசியில் பெரும்பாலும் பி12 இருக்கும். அதைப் போட்டபின் பார்த்தால் எண் உயர்ந்துதான் வரும். அதை வைத்து "குறைவே இல்லை" என்று முடிவு கட்ட முடியாது. கடைசி ஊசி போட்ட தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். நரம்புக்கு என்று ஏதாவது சத்து மாத்திரை சாப்பிட்டால் அட்டையையும் கொண்டுபோங்கள். பைரிடாக்சின் என்ற பி6 அதிக அளவில் மாதக்கணக்காகப் போனால் அதுவே நரம்பைக் கெடுத்து எரிச்சலைக் கொடுக்கும்.

நரம்பைப் பார்ப்பதென்றால் முதலில் செருப்பைக் கழற்றி, சாக்ஸ் இருந்தால் அதையும் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை, அது வளையும்வரை உள்ளங்காலில் பல இடங்களில் வைத்து உணர்வு இருக்கிறதா என்று கேட்பார்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள். ஐந்து நிமிட வேலை. 10 மாதத்தில் யாராவது செய்தார்களா? பாதத்தைத் தொட்டே பார்க்காமல் "மனசு" என்று சொன்னால் அது நோய்க்கணிப்பு ஆகாது. இதற்குப் பிறகுதான் நரம்புக் கடத்தல் பரிசோதனை. அதுவும் பருமனான நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் கடத்துபவை நுண்ணிழைகள். அவை கெட்டிருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் என்றே வரலாம்.

ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்வார்கள். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டால் தசை நொதியான சிபிகே-யும் சேரும். எம்ஆர்ஐ-க்கு ஓடாதீர்கள். 40 வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும். உங்கள் அறிகுறி முதுகைக் காட்டினால் மட்டுமே அந்தப் படத்துக்குப் பொருள் உண்டு.

எங்கே போவது என்றால், முதலில் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடமே போய்ப் பாதப் பரிசோதனையும் கணுக்கால் அழுத்தமும் கேளுங்கள். எண் குறைந்தால் ரத்தநாள அறுவை நிபுணர், உணர்வு குறைந்தால் நரம்பியல், குனிந்தால் விடுகிற வலி என்றால் எலும்பு அல்லது தண்டுவட நிபுணர். தனியாரில் கட்டாதென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே, பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.

அதுவரை வெந்நீர்ப் பை வேண்டாம். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. எரிகிறதே என்று வைத்து, காலையில் கொப்புளத்தோடு எழுந்தவர்கள் உண்டு. வெறுங்காலோடு நடக்காதீர்கள், கம்பெனிக்குள்ளும்தான். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை நரம்பு எரிச்சலைக் குறைக்காது, சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்தை மட்டும் பதம் பார்க்கும். பெயரில்லாத பொட்டல மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இரண்டே நாளில் வலி பறந்துபோனால் சந்தேகப்படுங்கள், சர்க்கரையும் ஏறும். எரிச்சலுக்கு டாக்டர் பிரிகாபலின் எழுதினால் முதல் வாரம் தலைசுற்றலும் தூக்கமும் வரும், கணுக்கால் வீங்கவும் கூடும். பிடிக்கவில்லையென்று ஒரே நாளில் நிறுத்தாமல் அவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

சில அறிகுறிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் பார்க்கக் கூடாது. ஒரு கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு வலித்தால் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தைலம் தேய்த்து நீவவே கூடாது, உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நுரையீரலுக்கு நகரக்கூடும். சிறுநீர் வராமல் அடைப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, பாதத்தில் ஆறாத புண் ஆகியவற்றுக்கும் அன்றைக்கே போக வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனையாவது கம்பம், நின்று விட்டதா உட்கார்ந்து விட்டதா, எத்தனை நிமிடம், ராத்திரி எத்தனை மணிக்கு எரிச்சல், கணுக்கால்வரையா முழங்கால்வரையா. உள்ளே போனதும் ஃபைலை நீட்டாமல் முதலில் இதைச் சொல்லுங்கள்: "எனக்கு இரண்டு விதமான வலி, டாக்டர். நாலாவது கம்பத்தில் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் மூன்று நிமிடத்தில் விடும். ராத்திரி 11 மணிக்கு இரண்டு பாதமும் எரியும். எடுத்த டாப்ளர் சிரைக்கு மட்டும்." எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும்.