நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டா, சென்செக்ஸ் இண்டெக்ஸ் ஃபண்டா? 20 வருஷத்துக்கு எது நல்லது?

மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாமாதம் தவணையாக ஃபண்டில் போடுவது), 20 வருஷம் தொடமாட்டேன், இந்த இரண்டில் எதில் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிஃப்டி, சென்செக்ஸ் இரண்டும் பெரிய கம்பெனிகளின் பங்குப் பட்டியல்கள் (இண்டெக்ஸ்), அந்தப் பட்டியலை அப்படியே வாங்கிவைப்பதுதான் இண்டெக்ஸ் ஃபண்ட். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும், யூடியூபில் நாலு பேர் பேசியதைக் கேட்டுவிட்டு முன்பைவிட அதிகமாகக் குழம்பியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். இரண்டில் எதை எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. எடுக்கிற ஃபண்ட் டைரக்ட் பிளானா (நாமே நேராக வாங்குவது), ரெகுலர் பிளானா (வங்கி, ஏஜெண்ட் வழியாக, அவர்கள் கமிஷனோடு வாங்குவது) என்பதில்தான் லட்சக்கணக்கில் மாறும். அவசரமாக இருந்தால் இதோடு போய்விடலாம். எங்கள் வீட்டில் பல வருஷம் ஓடிய சண்டை இது என்பதால் என்னால் இதோடு விட முடியாது.

முதலில் ஒன்று. நான் செபியில் (பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு செய்த ஆலோசகர் கிடையாது. கரூரில் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். எந்த கம்பெனி ஃபண்ட் வைத்திருக்கிறேன் என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் கமிஷன் வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்பீர்கள். "என் ஸ்மால்கேப் ஃபண்ட் அஞ்சு மடங்கு ஆச்சு, இண்டெக்ஸ் எல்லாம் சோம்பேறிகளுக்கு" என்று கீழே வரப்போகிறவர்களுக்கு, நல்லா இருங்க. கேட்ட கேள்வி அது இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் நிஃப்டி, என் அக்கா வீட்டுக்காரர் சென்செக்ஸ். இரண்டு பேரும் ஒரே சமயத்தில்தான் ஆரம்பித்தோம். நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நானே டைரக்டாகப் போட்டேன். மச்சான் தன் சம்பளக் கணக்கு இருந்த வங்கியில், கண்ணாடி கேபினுக்குள் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த ஃபாரத்தில் கையெழுத்து போட்டார். டீ கொடுத்தார்களாம், அதை இன்றைக்கும் சொல்வார்.

அவர் வாதம் எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "மாப்ள, சென்செக்ஸ் 80,000. உன் நிஃப்டி 24,000. நீயே சொல்லு, எது பெருசு?" சிரிக்காதீர்கள், படித்தவர்களே இப்படிப் பேசி நான் கேட்டிருக்கிறேன். இதையே திருப்பிப்போட்டு, நிஃப்டி இன்னும் 'மலிவாக' இருக்கிறது, அதனால் அதற்கு ஏற இடம் இருக்கிறது என்று சொல்கிற ஆட்களும் உண்டு. இரண்டும் அர்த்தமில்லாத பேச்சு. சென்செக்ஸுக்கு 1978-79-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து அதை 100 என்று எடுத்துக்கொண்டார்கள். நிஃப்டிக்கு 1995 நவம்பர் 3-ஐ வைத்து 1,000 என்று ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த இடம் வேறு, ஆரம்பித்த எண்ணும் வேறு, அதனால் இன்றைக்கு நிற்கிற எண்ணும் வேறு. நாளைக்கு எத்தனை சதவீதம் ஏறும், இறங்கும் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. என்ஏவி (ஃபண்டில் ஒரு யூனிட்டின் விலை) குறைவாக இருக்கிற ஃபண்டை 'சீப்' என்று நினைத்து வாங்குவதும் இதே ரகம்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சென்செக்ஸில் 30 கம்பெனி, நிஃப்டியில் 50. சென்செக்ஸில் இருப்பவை கிட்டத்தட்ட எல்லாமே நிஃப்டியிலும் இருக்கும். கூடுதலாக இருக்கிற இருபதுக்கு நிஃப்டியில் எடை (மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பது) குறைவு. இரண்டிலும் மேலே உட்கார்ந்திருப்பது அதே எச்டிஎஃப்சி பேங்க், ஐசிஐசிஐ பேங்க், ரிலையன்ஸ் வகையறாதான். இரண்டுமே சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பை வைத்து எடை போடுகின்றன. 2020 மார்ச் 23 அன்று கொரோனா பயத்தில் சந்தை விழுந்ததே, அன்றைக்கு சென்செக்ஸ் 13.15% விழுந்தது, நிஃப்டி 12.98%. அன்று ராத்திரி மச்சானும் நானும் போனில் பேசிக்கொண்டபோது யாருக்கு நஷ்டம் குறைவு என்று சண்டை போடக்கூட இடமில்லை.

ஆனால் 2023 ஜனவரி கடைசியில் அதானி குழுமம் மோசடி செய்ததாகச் சொன்ன ஹிண்டன்பர்க் அறிக்கை வந்து அதன் பங்குகள் விழுந்ததும் மச்சானுக்கு ஒரு ஆயுதம் கிடைத்தது. அப்போது நிஃப்டியில் அதானி என்டர்பிரைசஸும் அதானி போர்ட்ஸும் இருந்தன, சென்செக்ஸில் அதானி கம்பெனி ஒன்றுகூட இல்லை. காலையில் ஏழு மணிக்கே போன். "பாத்தியா மாப்ள, முப்பது பேரையும் சலிச்சு எடுத்திருக்காங்க. உங்கிட்ட ஐம்பதுல கண்டதும் இருக்கு." அந்த இரண்டு கம்பெனிக்கும் நிஃப்டியில் எடையே கொஞ்சம்தான், என் ஃபண்டில் அது பெரிதாகத் தெரியவும் இல்லை என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அடுத்த வருஷம் ஜூனில் சென்செக்ஸிலிருந்து விப்ரோவை எடுத்துவிட்டு அதானி போர்ட்ஸைச் சேர்த்தார்கள். அன்றைக்குப் போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை, அக்கா வீட்டில் நான் இன்னும் சாப்பிட வேண்டியிருக்கிறது.

யெஸ் பேங்க் கதையையும் அவர் விடமாட்டார். சென்செக்ஸ் அதை 2019 டிசம்பரிலேயே வெளியே அனுப்பிவிட்டது, நிஃப்டி 2020 மார்ச்சில்தான். உண்மைதான். ஆனால் டிசம்பருக்குள்ளேயே அந்தப் பங்கு பெரும்பகுதி விழுந்து முடிந்திருந்தது. விழுந்து எடை குறைந்த பிறகுதான் எந்த இண்டெக்ஸும் ஒரு கம்பெனியை வெளியே தள்ளும். முன்கூட்டியே கண்டுபிடித்துத் தள்ளுவது இண்டெக்ஸின் வேலை இல்லை.

இப்படி ஒவ்வொரு பொங்கலுக்கும் யார் ஃபண்ட் எவ்வளவு என்று பார்ப்போம். வருஷாவருஷம் இண்டெக்ஸ் இரண்டும் ஒன்றை ஒன்று கொஞ்சம் முந்தும், பிந்தும். ஆனால் எங்கள் கணக்கில் மட்டும் மச்சான் பின்தங்கிக்கொண்டே போனார். சென்செக்ஸ் முந்திய வருஷத்தில்கூட அவர் ஃபண்ட் என்னுடையதைவிடக் குறைவாகக் காட்டியது. கணக்குப் பார்க்கிறவனுக்கு இது உறுத்தும்.

ஒரு நாள் அவருடைய மெயிலைத் திறக்கச் சொன்னேன். டெபாசிட்டரியிலிருந்து (நம் முதலீடுகளைக் கணக்கில் வைத்திருக்கும் நிறுவனம்) வருகிற ஸ்டேட்மெண்ட், பாஸ்வேர்ட் போட வேண்டிய இடத்தில் பான் நம்பரைப் பெரிய எழுத்தில் போட்டால் திறக்கும். அதுவரை அவர் அதைத் திறந்ததே இல்லை. ஃபண்ட் பெயருக்குப் பின்னாலேயே 'ரெகுலர் பிளான் - குரோத்' என்று இருந்தது. பக்கத்தில் ஏஆர்என் என்று ஆரம்பிக்கிற ஒரு நம்பர், அதுதான் அந்த வங்கியின் விநியோகஸ்தர் எண். என்னுடையதில் அந்த இடத்தில் 'டைரக்ட்' என்று இருக்கும். அவர் ஃபண்டின் செலவு விகிதத்தை (ஃபண்ட் கம்பெனி வருஷத்துக்கு நம் பணத்திலிருந்து எடுத்துக்கொள்கிற சதவீதம்) தேடி எடுத்தால், இண்டெக்ஸ் ஃபண்டுக்கு 2018-ல் செபி அறிவித்த 1% உச்சவரம்பை ஒட்டி இருந்தது. என்னுடையது 0.2%. இரண்டு பேருடைய பணத்தையும் யாரும் யோசித்து முதலீடு செய்யவில்லை, பட்டியலைப் பார்த்து அதே எடையில் வாங்கிப்போடுகிறார்கள். அதில் மச்சான் மட்டும் ஒரு டீக்காக வருஷாவருஷம் கமிஷன் கட்டியிருக்கிறார்.

உங்கள் 5,000 ரூபாயிலேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். செலவு போக வருஷம் 12% கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள் (கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள்). 20 வருஷத்தில் ஏறத்தாழ 50 லட்சம் வரும். அதே பணம் 0.8% குறைந்து 11.2%-ல் வளர்ந்தால் ஏறத்தாழ 45 லட்சம். நீங்கள் போட்ட மொத்தப் பணமே 12 லட்சம்தான், அப்படியிருக்க செலவிலேயே கிட்டத்தட்ட 5 லட்சம் போவதைக் கவனியுங்கள். நிஃப்டியா சென்செக்ஸா என்பதில் இந்த அளவு வித்தியாசம் வருவதை நான் பார்த்ததில்லை. டைரக்ட் பிளான் 2013 ஜனவரி 1-லிருந்து எல்லா ஃபண்டிலும் இருக்கிறது. அதை வாடிக்கையாளரிடம் வங்கி கவுண்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏன் சொல்லப்போகிறார்கள்? விநியோகஸ்தரே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் எஸ்ஐபி-யை நிறுத்தவிடாமல் கையைப் பிடித்து வைத்த நல்ல ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. மச்சானை யாரும் கூப்பிடக்கூட இல்லை.

டைரக்ட் பிளான்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும்போது, செலவு விகிதத்தோடு டிராக்கிங் டிஃபரன்ஸையும் பாருங்கள். இண்டெக்ஸ் கொடுத்ததிலிருந்து ஃபண்ட் எவ்வளவு தவறவிட்டது என்பது அது, ஃபண்ட் கம்பெனிகள் வெளியிட்டே ஆக வேண்டும். ஒப்பிடும்போது டிவிடெண்டையும் சேர்த்த டிஆர்ஐ கணக்கோடு ஒப்பிடுங்கள். டிவியில் ஓடுகிற சென்செக்ஸ் எண்ணில் டிவிடெண்ட் கிடையாது, அதோடு ஒப்பிட்டால் எந்த ஃபண்டும் இண்டெக்ஸை ஜெயித்த மாதிரித் தெரியும். நிஃப்டியில் ஃபண்டுகள் அதிகம், போட்டியும் அதிகம், அதனால் மலிவாகக் கிடைப்பது சுலபம். என்னை ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த ஒரு காரணத்துக்காக நிஃப்டி என்பேன். இரண்டையும் வாங்காதீர்கள், அதே கம்பெனிகளை இரண்டு முறை வாங்குகிறீர்கள். பரவலாக வேண்டுமென்றால் நிஃப்டி நெக்ஸ்ட் 50 இருக்கிறது, 51-லிருந்து 100 வரை உள்ள கம்பெனிகள். ஆட்டம் அதிகம், அதைத் தாங்குவீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நானே டைரக்டில் போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பினால் அங்கே நமக்கென்றே ஒரு வம்பு காத்திருக்கிறது: இனிஷியல். நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டு எழுதிப் பழகிவிட்டோம். பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுது என்பார்கள், அது 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் போய் உட்காரும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பாஸ்புக்கில் முன்னால். மூன்றையும் ஒப்பிட்ட மென்பொருள், மூன்றும் மூன்று ஆள் என்று முடிவு கட்டி என் கேஒய்சி-யை நிறுத்தியது. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண்ணுக்கு "உங்க சர்நேம் என்ன சார்" என்பதைத் தாண்டிப் போக முடியவில்லை. சர்நேம் இல்லை அம்மா என்றால், இல்லாமல் எப்படி சார் என்கிறது. ஒரு வழியாகச் சரியானது, ஆனால் அந்தக் கம்பெனியிலிருந்து வருகிற ஒவ்வொரு மெயிலும் இன்றைக்கும் காலமாகிவிட்ட என் அப்பா பெயரைச் சொல்லி 'டியர்' என்றுதான் ஆரம்பிக்கிறது. கோடிக்கணக்கில் தமிழர்கள் வரி கட்டுகிறோம், ஒரு இனிஷியலுக்கு இவர்களால் வழி செய்ய முடியவில்லை. ஆகவே எஸ்ஐபி தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் பான், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கனவே ரெகுலரில் மாட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால்: அவசரப்பட்டு மொத்தமாக மாற்றாதீர்கள். அதே ஃபண்டுக்குள் டைரக்டுக்கு மாற்றினாலும் வரிக் கணக்கில் அது விற்று வாங்கியதுதான். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளில் வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. ஒரு வருஷம் ஆகாததற்கு 20%. எஸ்ஐபி-யில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகத் தேதி எண்ணுவார்கள், முதலில் வாங்கியது முதலில் போகும். மச்சானுக்கு நான் செய்துகொடுத்தது இதுதான்: பழைய எஸ்ஐபி நிறுத்தம், அதே சென்செக்ஸ் ஃபண்டில் டைரக்டில் புது எஸ்ஐபி, பழைய யூனிட்டுகள் வருஷத்துக்குக் கொஞ்சமாக அந்த 1.25 லட்சத்துக்குள் அடங்குகிற மாதிரி மாற்றம். நிஃப்டிக்கு வாங்க என்று நான் கூப்பிடவில்லை, அவரும் வரமாட்டார். இந்த நிதியாண்டுக்கான பங்கை மார்ச்சுக்குள் மாற்றிவிட்டோம், அடுத்தது ஏப்ரலுக்கு அப்புறம்.